அடுக்கிய அலமாரி ஊக்கம் தருமா? கைவினைப் பொருள்களின் ஒழுங்கும் படைப்பாற்றலும்

கேள்வி சுருக்கமாக இது: கைவினைக்கு வேண்டிய நூல், துணி, மணி, காகிதம், கருவி எல்லாவற்றையும் முறையாக அடுக்கி வைத்தால் படைப்பாற்றலும் ஊக்கமும் பெருகும் என்று பலரும் சொல்கிறார்கள், அதை நம்பி ஒரு வாரம் முழுவதும் உழைத்து, எல்லாவற்றையும் நிறவாரியாகப் பிரித்து, ஒரே அளவான மூடியிட்ட டப்பாக்களில் இட்டு, பெயர்ச்சீட்டும் ஒட்டி வைத்த பிறகும் உட்கார்ந்து எதையும் செய்யத் தோன்றவில்லையே, அது ஏன்?

கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வேலையைத் தொடங்கத் தோன்றுவது ஒன்று; தொடங்கிய பிறகு புதிதாக ஏதேனும் தோன்றுவது வேறொன்று. பொருள்களை அடுக்கும் முறை இரண்டையும் பாதிக்கிறது என்பது உண்மை. ஆனால் ஒரே திசையில் பாதிப்பதில்லை. தொடங்குவதற்குத் தடைகள் குறைய வேண்டும். புதிதாகத் தோன்றுவதற்குக் கண்ணிலும் கையிலும் எதிர்பாராத பொருள்கள் பட வேண்டும். மூடிய டப்பாக்களின் அழகிய வரிசை தேடும் நேரத்தைக் குறைக்கலாம்; அதே வரிசை, எதிர்பாராமல் எதுவும் கண்ணில் படாதபடியும் செய்துவிடுகிறது. ஒழுங்கு என்ற ஒரே சொல்லால் இரண்டையும் மூடிவிடுவதால்தான் இப்படி ஏமாற்றம் வருகிறது.

முதலில் ஊக்கத்தைப் பார்ப்போம், ஏனென்றால் அங்கே விடை ஓரளவு தெளிவானது. கைவினை பெரும்பாலானோருக்கு நாளின் மிச்ச நேரத்தில் நடப்பது. களைத்த மனிதர் ஒருவர் ஒரு மணி நேரம் கிடைத்ததும் பின்னல் பின்ன உட்கார வேண்டுமானால், மேசையில் கிடப்பதை ஒதுக்க வேண்டும், கத்தரிக்கோலைத் தேட வேண்டும், சிக்கிய நூலைப் பிரிக்க வேண்டும், இந்த நூலுக்கு எந்த எண் ஊசி என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். இவற்றில் எதுவுமே பெரிய வேலை அல்ல. ஆனால் எல்லாமே இன்பம் தொடங்குவதற்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன என்பதுதான் சிக்கல். மனம் இந்த வரிசையை ஒரு நொடியில் எடைபோட்டு, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. அதைச் சோம்பல் என்றோ ஆர்வம் வற்றிவிட்டது என்றோ பலர் தம்மையே கடிந்துகொள்கிறார்கள். என் கணிப்பில் பாதிக்கும் மேற்பட்ட நேரங்களில் அது வெறும் இடப் பிரச்சினைதான்.

தேடுவதால் போவது நேரம் மட்டும் அன்று. மனம் ஒரே சமயத்தில் கையில் பிடித்துவைக்கக்கூடிய செய்திகள் மிகச் சில. உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 4 என்று வரையறுத்தார். பச்சைக்குப் பக்கத்தில் பழுப்பு, விளிம்பில் ஒரு வரி வெள்ளை, மூலையில் சிறு மணிகள் என்று ஒரு வடிவத்தை மனத்தில் பிடித்துக்கொண்டு எழுந்து போகிறவர், வழியில் மூன்று இழுப்பறைகளைத் திறந்து, இரண்டில் வேறு ஏதோ கண்டு, நான்காவதில் ஊசியை எடுத்துத் திரும்பும்போது அந்த வடிவம் மங்கியிருக்கும். அடிக்கடி கைக்கு வேண்டிய கருவிகள் எழாமலே எட்டும் தொலைவில், எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது அழகுக்காகச் சொல்லப்படும் விதி அன்று. யோசனையைக் கீழே போடாமல் வேலையைத் தொடர்வதற்கான விதி.

கண்ணெதிரே குவிந்து கிடப்பவை கவனத்தைச் சிதைப்பதற்கும் அடிப்படை உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெபனி மெக்மெயின்ஸ், சபைன் காஸ்ட்னர் இருவரும் 2011-இல் வெளியிட்ட மூளைப் படிம ஆய்வு, பார்வைப் புலத்தில் ஒருங்கே இருக்கும் பல பொருள்கள் மூளையின் பார்வைப் பகுதியில் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன என்றும், கவனத்தை ஒன்றின்மீது செலுத்துவதன் மூலம் மூளை அந்தப் போட்டியை அடக்க வேண்டியிருக்கிறது என்றும் காட்டியது. ஆய்வகத்தில் காட்டப்பட்டவை எளிய உருவங்கள்தாம், மணிகளும் நூல்களும் அல்ல. ஆனாலும் பத்து வேலைகளின் மிச்சங்கள் கிடக்கும் மேசையில் நுண்ணிய தையல் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இராது. இன்னொரு பக்கம், கலிபோர்னியாவில் டார்பி சாக்ஸ்பி, ரீனா ரெப்பெட்டி ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தம் வீட்டை அடைசலானது, முடிக்காத வேலைகள் நிறைந்தது என்று வருணித்த பெண்களுக்கு, நாள் முழுவதும் படிப்படியாக இறங்க வேண்டிய கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு சரிவரக் குறையவில்லை என்று தெரிந்தது. அடைசல்தான் காரணம் என்று அதைக்கொண்டு அறுதியிட முடியாது. மன அழுத்தம் உள்ளவர்கள் வீட்டை அப்படி வருணித்திருக்கவும் கூடும். ஆனால் முடிக்காத வேலைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பது அமைதியோடு சேர்ந்து வருவதில்லை என்ற அளவுக்குச் சொல்லலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒழுங்கின் பக்கம். இப்போது எதிர்ப்பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் படைப்பாற்றலைப் பற்றிப் பேசும்போது எவராவது ஒருவர் "அலங்கோலமான அறையில்தான் புதிய யோசனைகள் வருகின்றன என்று ஆய்வே சொல்கிறதே" என்பார். அவர் குறிப்பிடுவது பெரும்பாலும் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கேத்லீன் வோஸ் உள்ளிட்டோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வை. பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரை ஒழுங்கான அறையிலும் மற்றவர்களை அலங்கோலமான அறையிலும் உட்காரவைத்து, மேசைப்பந்துக்குப் புதிய பயன்களை எழுதச் சொன்னார்கள். இரு சாராரும் எழுதிய யோசனைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அலங்கோலமான அறையில் இருந்தவர்களுடையவை கூடுதல் புதுமை உடையவை என்று மதிப்பிடப்பட்டன. ஒழுங்கான அறையில் இருந்தவர்களோ வேறு சோதனைகளில் வழக்கமான, சமூகம் ஏற்கும் தேர்வுகளின் பக்கம் சாய்ந்தார்கள்.

இந்த ஆய்வைத் தூக்கி எறியவும் வேண்டாம், கைவினை அறைக்கு அப்படியே பொருத்தவும் வேண்டாம். பங்கேற்றவர்கள் மிகச் சிலர். அதைவிட முக்கியமானது, அவர்கள் தாளில் யோசனை எழுதினார்கள், எதையும் செய்யவில்லை. யோசனை எழுதுகிறவருக்கு அலங்கோலம் எந்தச் செலவும் வைப்பதில்லை. செய்கிறவருக்கு அது ஒவ்வொரு அடியிலும் செலவு வைக்கிறது. தோன்றிய யோசனைக்குரிய நூல் எங்கே என்று தெரியாவிட்டால் அந்த யோசனை அங்கேயே நின்றுவிடும்.

ஓவியர் பிரான்சிஸ் பேக்கனின் பணியறையும் இந்த வாதத்துக்கு இழுக்கப்படுவது உண்டு. லண்டனில் ரீஸ் மியூஸ் என்ற சந்தில் 1961 முதல் 1992-இல் இறக்கும்வரை அவர் ஓவியம் வரைந்த அறை, கிழிந்த புகைப்படங்கள், புத்தகத் தாள்கள், வண்ணக்குழாய்கள், தூரிகைகள் கணுக்கால் மூழ்கக் கிடந்த இடம். டப்ளின் நகரின் ஹியூ லேன் கலைக்கூடம் 1998-இல் அதைப் பெற்று, 7,000-க்கும் மேற்பட்ட பொருள்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, தூசி உட்பட அப்படியே பெயர்த்தெடுத்து 2001-இல் காட்சிக்கு வைத்தது. அந்தக் குவியல் அவருக்கு உதவியது என்பதில் ஐயமில்லை. காலில் மிதிபட்டு மடங்கிக் கறைபட்ட புகைப்படங்களிலிருந்தே அவருடைய உருவங்கள் சில பிறந்தன. ஆனால் அவர் வேலைக்கு வேண்டியவை துணிப்பரப்பும் வண்ணமும் தூரிகையும். அவற்றுள் எதுவும் இரண்டு மில்லிமீட்டர் மணி அன்று. மிதிபட்டால் கெடாத பொருளோடு வேலை செய்பவரின் தரை, மிதிபட்டால் பாழாகும் பொருளோடு வேலை செய்பவருக்கு முன்மாதிரி ஆகாது.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பொருத்தமாகத் தோன்றுவது வேறோர் ஆய்வு. சிகாகோவில் கலைப் பள்ளி மாணவர்களை வைத்து ஜேக்கப் கெட்ஸல்ஸ், மிஹாய் சிக்சென்ட்மிஹாயி ஆகியோர் நடத்தி, 1976-இல் நூலாக வெளிவந்தது அது. ஓர் அறையில் இரண்டு மேசைகள். ஒரு மேசையில் 27 பொருள்கள். வேண்டியவற்றை எடுத்து மறு மேசையில் அடுக்கி, அதைப் பார்த்து ஓவியம் வரைய வேண்டும். சிலர் ஓரிரு பொருள்களை எடுத்துவைத்து உடனே வரையத் தொடங்கினார்கள். வேறு சிலர் பல பொருள்களைக் கையில் எடுத்தார்கள், திருப்பினார்கள், பாகங்களை அசைத்தார்கள், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார்கள். வரையத் தொடங்கிய பிறகும் மனம் மாறினார்கள். யார் எதை வரைந்தார் என்று அறியாத நடுவர்கள் பார்த்தபோது, இரண்டாம் வகையினரின் ஓவியங்களே கூடுதல் தனித்தன்மை உடையவையாக மதிப்பிடப்பட்டன. சில ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தபோது, கலைஞர்களாக நிலைத்தவர்களிலும் இப்படித் தடவித் துழாவியவர்கள் முன்னே நின்றார்கள்.

பொருள்களை வைக்கும் முறைக்கு இதிலிருந்து ஒரு முடிவு நேராகவே கிடைக்கிறது. முடிவெடுப்பதற்கு முன் நிறையப் பொருள்களைக் கையில் எடுத்துப் பார்ப்பது எளிதாக இருக்க வேண்டும். எடுத்ததைத் திரும்ப வைப்பதும் எளிதாக இருக்க வேண்டும். அந்த மாணவர்களுக்கு 27 பொருள்களும் மேசைமீது திறந்து கிடந்தன. அவையே 27 மூடிய டப்பாக்களில், ஒன்றின்மேல் ஒன்றாக, உயர அலமாரியில் இருந்திருந்தால் அத்தனையையும் எத்தனை பேர் இறக்கித் திறந்து பார்த்திருப்பார்கள்? இங்கேதான் கேள்வி கேட்டவரின் அலமாரி தவறுகிறது என்று நினைக்கிறேன். அது பொருளைக் காக்கிறது, காட்டவில்லை. மூடியைத் திறக்கும் ஒரு சிறு செயல்கூட "இது வேண்டும்" என்ற முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே நடக்கிறது. முடிவு எடுப்பதற்காகத் திறந்து பார்ப்பது மெல்ல நின்றுபோகிறது.

எவற்றை எவற்றோடு சேர்த்து வைக்கிறோம் என்பது இன்னும் ஆழமான விஷயம். வகைப்படுத்துவது என்றால் எந்தப் பொருள் எந்தப் பொருளின் பக்கத்தில் இருக்கும் என்று முன்கூட்டியே தீர்மானிப்பது. பக்கத்தில் இருப்பவைதாம் மனத்திலும் எளிதில் இணையும். மனம் இயங்கும் விதத்தை ஆராயும் அறிவியலாளர் டேவிட் கிர்ஷ் 1995-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மனிதர்கள் தம்மைச் சுற்றியுள்ள இடத்தை அடுக்கும் விதத்தாலேயே தேர்வுகளையும், கண் காண்பதையும், மனக் கணக்கையும் எளிதாக்கிக்கொள்கிறார்கள் என்று விளக்கினார். அடுக்கு என்பது ஒருவகையில் வெளியே வைக்கப்பட்ட சிந்தனை.

எம்பிராய்டரி நூல் இதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு. பரவலாகக் கிடைக்கும் டி.எம்.சி. நிறுவனத்தின் பருத்தி நூல் ஏறத்தாழ 500 நிறங்களில் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, ஆனால் எண் வரிசையும் நிற வரிசையும் ஒன்றல்ல. அடுத்தடுத்த எண்கள் தொடர்பில்லாத நிறங்களாக இருக்கக்கூடும். அச்சிட்ட வரைபடத்தைப் பார்த்துத் தைப்பவருக்கு எண் வரிசையில் அடுக்குவதே சரி. "இந்த எண்ணை எடு" என்றால் கை நேரே போகும். சொந்தமாக வடிவமைப்பவருக்கு அதே அடுக்கு குருடானது. அவருக்கு நீலங்கள் எல்லாம் ஓரிடத்தில் மெல்ல வெளிறிக்கொண்டே போவது தெரிய வேண்டும். பொத்தான்களும் அப்படித்தான்: தேவை வரும்போது ஒரே மாதிரி ஆறு பொத்தான் தேடுபவர் அளவுவாரியாகவும், ஒட்டுச்சித்திரம் செய்பவர் நிறவாரியாகவும் பிரிக்க வேண்டும். எனவே "எப்படி அடுக்குவது சிறந்தது" என்ற கேள்விக்குத் தனியாக விடை இல்லை. உங்கள் மனம் ஒரு வேலையை எதிலிருந்து தொடங்குகிறது என்று கவனியுங்கள். நிறத்திலிருந்தா, பொருளின் தன்மையிலிருந்தா, யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்பதிலிருந்தா? அலமாரியும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். எவரோ எடுத்த அழகிய படத்தைப் பார்த்து அடுக்கினால் அது அவருடைய மனத்தின் வரிசையாகத்தான் இருக்கும்.

வகைப்படுத்தலையே படைப்பின் பகுதியாக்கியவர் ஜோசப் கார்னெல். கண்ணாடி முகப்புள்ள சிறு பெட்டிகளுக்குள் பொருள்களைச் சேர்த்துவைத்து ஒரு கலை வடிவத்தையே உருவாக்கிய இந்த அமெரிக்கர், 1972-இல் இறக்கும்வரை நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் யூட்டோப்பியா பார்க்வே என்ற சாலையிலிருந்த வீட்டில் வாழ்ந்தார். நிலவறையே பணியறை. பழைய கடைகளில் பொறுக்கிய அச்சுப்படங்கள், கோலிகள், சிறு கண்ணாடிக் குப்பிகள் முதலியவை பெயர் எழுதிய பெட்டிகளில் அங்கே அடுக்கப்பட்டிருந்தன. தம் மனத்தைக் கவர்ந்த நடிகையர், நடனக்காரிகள், பறவைகள் பற்றியெல்லாம் கோப்புக் கோப்பாகத் துணுக்குகள் சேர்த்து வந்தார். அது துப்புரவான ஒழுங்கு அன்று. அவருடைய கற்பனையின் வழியே செல்லும் ஒழுங்கு. சேர்ப்பது, பிரிப்பது, கோப்பது மூன்றும் அவரிடம் ஒரே வேலையின் பருவங்களாக இருந்தன.

ஆகவே என் பரிந்துரை, அலமாரிக்கும் மேசைக்கும் வெவ்வேறு விதி வைப்பது. அலமாரி கண்டிப்பாக இருக்கட்டும். எது எங்கே என்பதில் குழப்பம் வேண்டாம். மேசை வேலை நேரத்தில் தாராளமாகக் கலையட்டும். வேலை நடக்கும்போதே ஒவ்வொன்றையும் உடனுக்குடன் எடுத்துவைத்துக்கொண்டிருப்பவர், ஒதுக்கப்பட்ட சிவப்பு நூல் தற்செயலாகச் சாம்பல் துணியின்மேல் விழுந்து எப்படித் தெரிகிறது என்பதைப் பார்க்கும் வாய்ப்பைத் தாமே பறித்துக்கொள்கிறார். கூடவே, எந்த வகையிலும் சேராத துண்டுதுணுக்குகளுக்கு ஆழமில்லாத, திறந்த தட்டு ஒன்று மேசையோரம் இருக்கட்டும். ஒழுங்கை விரும்புகிறவர்களுக்கு அந்தத் தட்டு உறுத்தும். ஆனால் ஒற்றைக் காதணி, அறுந்த ஜரிகை, நிறம் தவறிய மணி ஆகியவை வேறெங்கும் சந்திக்க முடியாதபடி அங்கே சந்திக்கும். தட்டு நிரம்பினால் அன்று அதைக் காலி செய்வது ஒன்றே அதற்கான விதி.

மேசை கலையலாம் என்றால், கலைந்தது எப்படி மீண்டும் சீராகும் என்ற கேள்வி எழும். பொருள் வைப்பு முறைகள் பெரும்பாலும் தோற்பது எடுப்பதில் அல்ல, திரும்ப வைப்பதில். எடுக்கும்போது நமக்கு ஒரு நோக்கம் இருக்கிறது, நான்கு மூடிகளைத் திறக்கவும் தயங்க மாட்டோம். வைக்கும்போது நோக்கம் தீர்ந்துவிட்டது, களைப்பு மிஞ்சியிருக்கிறது. அதனால் திரும்ப வைப்பது ஒரே அசைவில் முடிய வேண்டும்: மூடியில்லாத கூடை, கொக்கி, இழுத்தால் வரும் தட்டு. மிக நுணுக்கமான பிரிவுகள் இந்த இடத்தில்தான் உடைகின்றன. மணிகளை நாற்பது அறைகளாகப் பிரித்தவர் மூன்றாம் வாரத்தில் மிச்ச மணிகளை ஒரு கிண்ணத்தில் கொட்டத் தொடங்குவார்; எட்டாகப் பிரித்தவர் ஆறு மாதம் கழித்தும் அதையே பின்பற்றிக்கொண்டிருப்பார். தொழிற்கூடங்களில் கருவியின் நிழலுருவத்தைப் பலகையில் வரைந்து, அதன்மேல் கருவியைத் தொங்கவிடும் வழக்கம் உண்டு. எது எங்கே போக வேண்டும் என்று நினைவில் வைக்கவே வேண்டாம்; இல்லாததும் வெற்று உருவமாகக் கண்ணில் படும். கத்தரிக்கோல், இடுக்கி, வெட்டுக்கத்தி, அளவுகோல் முதலியவற்றுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் அறியேன்.

முடிக்காத வேலைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊக்கத்தை ஒழிப்பதில் அவற்றுக்கு நிகர் இல்லை, ஊக்கம் தருவதிலும் அவற்றுக்கு நிகர் இல்லை. பெர்லினில் உளவியலாளர் குர்ட் லெவினின் மாணவிகளாயிருந்த இருவர் 1920-களில் இதை ஆராய்ந்தார்கள். இடையில் நிறுத்தப்பட்ட வேலைகள் முடிந்தவற்றைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன என்று ப்ளூமா சைகார்னிக் 1927-இல் எழுதினார். பின்வந்த சோதனைகளில் அது எப்போதும் உறுதிப்படவில்லை. அடுத்த ஆண்டு மரியா ஓவ்ஸியான்கினா கண்டது அதைவிட உறுதியானது: இடையில் நிறுத்தப்பட்ட வேலையை, யாரும் சொல்லாமலே, வாய்ப்புக் கிடைத்ததும் மனிதர்கள் தாமாகவே மீண்டும் எடுக்க முனைகிறார்கள். பாதியில் நிற்கும் கைவேலை நம்மை இழுக்கிறது. அப்படியானால் பல வேலைகள் ஆண்டுக்கணக்கில் ஏன் கிடக்கின்றன? ஊசி வேறு வேலைக்குப் போய்விட்டது, நூல் பொதுக்கூடையில் கலந்துவிட்டது, எந்த வரிசையில் நிறுத்தினோம் என்பது மறந்துவிட்டது. இழுக்கும் கயிற்றை நாமே அறுத்துவிட்டோம்.

இதற்கு மருந்து, வகைவாரியான அடுக்குக்கு மேலே வேலைவாரியான பெட்டி ஒன்று. அமெரிக்க நடன அமைப்பாளர் ட்வைலா தார்ப், ஒவ்வொரு புதிய படைப்புக்கும் ஒரு பெட்டியை எடுத்து அதன்மேல் பெயரெழுதி, அது தொடர்பான குறிப்பு, படம், இசை எல்லாவற்றையும் அதில் போட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். கைவினைக்கு இது இன்னும் பொருந்தும். அந்த வேலைக்குரிய நூல், கருவி, அளவுக் குறிப்பு எல்லாம் ஒரு தட்டிலோ பையிலோ ஒன்றாக இருக்கட்டும். கருவி ஒன்றுதான் இருக்கிறது, இரண்டு வேலைகளுக்கு வேண்டும் என்றால், இன்னொன்று வாங்குவது பல டப்பாக்கள் வாங்குவதைவிட நல்ல செலவு. எழுந்திருக்கும்போது, அடுத்து செய்ய வேண்டியது என்ன என்று ஒரே வரியை ஒரு சீட்டில் எழுதி மேலே வையுங்கள். "இடது கை, 14-ஆம் வரிசை, இனி குறைக்க வேண்டும்" என்ற ஒரு வரி, மறுநாள் யோசிக்காமலே தொடங்கவைக்கும். ஆய்வாளர்கள் தெரேசா அமபிலி, ஸ்டீவன் கிரேமர் இருவரும் 7 நிறுவனங்களில் 238 பேர் எழுதிய, 12,000-ஐ நெருங்கும் நாட்குறிப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் சொன்னதும், பொருளுள்ள வேலையில் சிறிதேனும் முன்னேறினோம் என்ற உணர்வே ஒரு நாளின் ஊக்கத்துக்கு முதற்காரணம் என்பதுதான். அவர்கள் பார்த்தது அலுவலக வேலை. ஆனால் அரை மணி நேரத்தில் நான்கு வரிசை முடிந்தது என்ற நிறைவுக்கு அலுவலகம் தேவையில்லை. இத்தகைய திறந்த வேலைகள் மூன்றைத் தாண்டினால் இழுப்பு நெருக்கடியாக மாறிவிடும் என்பது என் அனுபவ அளவுகோல். சிலருக்கு ஐந்துவரை தாங்கும்.

அளவுக்கு மீறிய இருப்பு எந்த அடுக்கு முறையையும் தோற்கடிக்கும். பொருள் வாங்குவதும் பொருளால் செய்வதும் இரண்டு தனி இன்பங்கள் என்று பின்னல்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. வாங்கும்போது கிடைப்பது செய்யப்போகிறோம் என்ற கற்பனை இன்பம். நூறு கற்பனைகள் அலமாரியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் அவை கடன்காரர்களைப் போல் ஆகிவிடுகின்றன. நம்முடையதாகிவிட்ட பொருளுக்கு நாமே கூடுதல் மதிப்பு வைத்துவிடுகிறோம் என்பதை டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் சாதாரணக் குவளைகளைக் கொண்டே காட்டினார்கள். கழிப்பது கடினமாக இருப்பது இயல்புதான். எனவே கழிக்க முடியாவிட்டால் சுற்றுக்கு விடுங்கள்: இப்போது வேண்டியவற்றில் ஒரு சிறு பகுதி மட்டும் முன்வரிசையில் திறந்து இருக்கட்டும், மற்றவை பின்னால் மூடி இருக்கட்டும், இரண்டொரு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். மறந்துபோன துணி முன்னால் வரும்போது புதிதாக வாங்கியதைப் போலவே மனத்தைத் தூண்டும்.

கெட்டுப்போன பொருளும் ஊக்கத்தைக் கொல்லும், அதனால் காப்பதைப் பற்றிச் சுருக்கமாக. துணியும் நூலும் காகிதமும் நேரடி வெயிலில் நிறம் மங்கும். திறந்த அலமாரி வேண்டும் என்று நான் சொன்னது சன்னலுக்கு எதிரே என்று பொருளாகாது. கம்பளி நூலைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. சந்தேகம் வந்தால் உறையில் இட்டு −18 பாகை செல்சியஸில் இரண்டு வாரம் உறையவைப்பது வழக்கம். நூலை இறுகச் சுற்றிய உருண்டையாக நெடுநாள் வைத்தால் அதன் துள்ளல் போய்விடும். சுடாத பாலிமர் களிமண்ணிலுள்ள நெகிழ்வூட்டி சிலவகைக் கெட்டி நெகிழிகளை இளக்கிவிடும். பாலிப்ரொப்பிலீன் டப்பா பாதுகாப்பானது. உடனடியாக ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது, ஆகையால் ஈரமுறிஞ்சியோடு இறுக மூடி வைக்க வேண்டும். இருமுனை மார்க்கர் பேனாக்களைப் படுக்கவைக்க வேண்டும். தூரிகைகளைக் கழுவிப் படுக்கையில் உலர்த்திய பிறகே மயிர் மேலிருக்க நிறுத்த வேண்டும்.

இனி கேள்வி கேட்டவரின் நிலைக்கு வருகிறேன். ஒரு வாரம் அடுக்கியது வீணாகவில்லை. ஆனால் அந்த வாரத்தில் முடித்த வேலை என்ற நிறைவு அடுக்கியதிலேயே கிடைத்துவிட்டது. அடுக்குவதும் கையால் செய்யும் வேலைதானே. நிறம் பார்க்கிறோம், வரிசை அமைக்கிறோம், முடிவில் அழகான ஒன்று கண்முன் நிற்கிறது. உடனே இன்னொன்று செய்யத் தோன்றாததில் வியப்பில்லை. மேலும், குறையில்லாத அடுக்கைக் கலைக்கக் கை கூசும். ஒரு நூல்கண்டை எடுத்தால் வரிசையில் பல் விழுந்ததுபோல் தெரியுமே என்ற தயக்கம் சிறியதுதான், ஆனால் அது சரியாகத் தொடக்கத்தில் வந்து நிற்கிறது. அழகாக அடுக்குவதையே வேலையைத் தள்ளிப்போடும் வழியாக ஆக்கிக்கொண்டவர்களும் உண்டு. மாதம் ஒருமுறை புதிய டப்பா, புதிய பெயர்ச்சீட்டு, அதே வெற்று மேசை. நீங்கள் அந்த இடத்தில் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மறுபடி எதையும் பிரித்து அடுக்க வேண்டாம். கண் மட்டத்தில் இருக்கும் ஒரே ஒரு அலமாரித் தட்டின் டப்பாக்களிலிருந்து மூடிகளைக் கழற்றிவிடுங்கள். அங்கே நிறத்தாலும் வகையாலும் பொருந்தாத சில பொருள்களை வேண்டுமென்றே கலந்து வையுங்கள். சிறியதாக, இரண்டு மூன்று மாலைகளில் முடியக்கூடியதாக ஒரு வேலையைத் தேர்ந்து, அதற்கு வேண்டியதை ஒரு தட்டில் எடுத்துவைத்து, முதல் தையலையோ முதல் வெட்டையோ போட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். தட்டு மேசைமீதே இருக்கட்டும். மேசை வேறு வேலைக்கும் வேண்டும் என்றால் அப்படியே தூக்கி வைக்கக்கூடிய தட்டாக இருக்கட்டும். கண்ணில் படாதது மனத்திலும் இல்லாமல் போகும் இயல்புடையவர்கள், குறிப்பாகக் கவனக்குறைவுக் கோளாறு உள்ளவர்கள், இன்னும் கூடுதலாகத் திறந்து வைக்கலாம். கண்ணில் நிறையப் பட்டால் திணறுபவர்கள் ஒளிபுகும் டப்பாக்களையும் ஒரு திரையையும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் குறையல்ல, இயல்பு.

இந்த ஏற்பாடு பயன் தருகிறதா என்பதை அலமாரியின் தோற்றத்தைக் கொண்டு அளக்காதீர்கள். உட்கார்ந்ததிலிருந்து கை வேலையில் பட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் மேலும் சீர்செய்ய ஒன்றுமில்லை. முடித்த வேலையில், தொடங்கும்போது எண்ணியிராத பொருள் ஏதேனும் நுழைந்ததா என்றும் பாருங்கள். முதல் அளவு மோசமானால் கருவிகளின் இடத்தையும் திரும்ப வைக்கும் வழியையும் மாற்றுங்கள். இரண்டாவது மோசமானால் முன்வரிசையை மட்டும் கலைத்து வேறு பொருள்களால் நிரப்புங்கள். மற்ற அலமாரியைத் தொடத் தேவையில்லை.